மின் நிறுவனத்தில் "கோடிகள் மாயம்" என்ற செய்தி: பிரஸ் கவுன்சிலில் எதை வைத்துப் புகார் செய்வது?

கணக்கர்_ஓய்வு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அரசுக்குச் சொந்தமான ஒரு மின்வழங்கல் நிறுவனத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிறுவனத்தின் பெயரையும் பத்திரிகையின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. விஷயம் இன்னும் முடியவில்லை, அதனால் யாரும் ஊகித்து எழுதவும் வேண்டாம்.

போன மாதம் ஒரு நாளிதழ் நான் வேலை பார்த்த அலுவலகத்தைப் பற்றி மூன்று நாள் தொடர்ந்து எழுதியது. முதல் நாள் முதல் பக்கத்தில் "கோடிகள் மாயம்" என்று எட்டுக் காலம் அகலத்தில் தலைப்பு. உள்ளே இருந்தவை மூன்று குற்றச்சாட்டுகள்.

முதலாவது, ஒப்பந்ததாரர்களுக்குக் கொடுத்த முன்பணம் பல வருடமாக நேர் செய்யப்படாமல் கிடக்கிறது என்பது. இதைத்தான் "மாயம்" என்கிறார்கள். வேலை முடிந்ததும், செய்த வேலையை அளந்து பதிந்த அளவுப் புத்தகமும் நிறைவுச் சான்றும் கணக்குப் பிரிவுக்கு வர வேண்டும். வந்தால்தான் முன்பணத்தை வேலையின் செலவில் சேர்த்துக் கணக்கை மூட முடியும். வராவிட்டால் அந்தத் தொகை புத்தகத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. யாரும் எடுக்கவில்லை என்பதற்கும் அது சாட்சி ஆகாது. நான் பதவியில் இருந்தபோது இதை நேர் செய்யச் சொல்லி எத்தனையோ குறிப்பு எழுதியிருக்கிறேன். பலன் இல்லை.

இரண்டாவது, ஒரே திறன் உள்ள டிரான்ஸ்ஃபார்மரை ஒரே மாதத்தில் இரண்டு ஆர்டர்களில் இரண்டு விலைக்கு வாங்கியது. இது நடந்தது. ஏன் என்று கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. "இந்த பில்களை எல்லாம் பாஸ் செய்தவர்" என்று ஒரு கணக்கு மேற்பார்வையாளரைப் பதவியும் அலுவலகமும் சொல்லி எழுதினார்கள். பெயர் போடவில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் அந்தப் பதவி ஒன்றே ஒன்றுதான். அந்த அம்மா என்னிடம் வேலை கற்றவர். செய்தி சொல்லும் கடைசி வவுச்சருக்குப் பதினான்கு மாதம் கழித்துத்தான் அவர் அந்த இருக்கைக்கு வந்தார். பணியேற்பு அறிக்கையைப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இப்போது நிர்வாகம், பத்திரிகைகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலுக்கு அனுப்ப ஒன்பது பக்கத்துக்கு ஒரு புகார் தயாரித்திருக்கிறது. "செய்தி முழுவதும் பொய், நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்" என்று. அதில் அந்த அம்மாவையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அவர் என்னிடம் கேட்டார். போடாதே, தனியாக எழுதுவோம் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது சரிதானா? பத்திரிகைத் துறையும் சட்டமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெய்ப்புமேசை எழுதியது:

சரியாகத்தான் சொன்னீர்கள் ஐயா. நிருபர் எழுதியதைத் திருத்தித் தலைப்புப் போடும் செய்தி மேசையில் இருபத்தைந்து வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "செய்தி முழுவதும் பொய்" என்று வரும் புகாரைத்தான் ஆசிரியர் குழு எளிதாகச் சமாளிக்கும். அதில் ஒரே ஒரு விஷயம் உண்மை என்று காட்டிவிட்டால் போதும், மொத்தப் புகாரும் ஆட்டம் கண்டுவிடும். நீங்களே இரண்டாவது குற்றச்சாட்டு உண்மை என்கிறீர்கள். அப்புறம் அந்த ஒன்பது பக்கம் எப்படி நிற்கும்?

மாறாக, "இன்ன தேதியில், இன்ன பக்கத்தில், மூன்றாவது பத்தியில் உள்ள இந்த வாக்கியம் தவறு, இதோ ஆவணம்" என்று ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் வந்தால் மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வயிற்றைக் கலக்கும். எனக்குக் கலக்கியிருக்கிறது.

தலைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரஸ் கவுன்சிலின் இதழியல் நடத்தை நெறிகளில் தலைப்புக்கென்றே ஒரு பகுதி உண்டு. தலைப்பு கீழே உள்ள செய்திக்குப் பொருந்த வேண்டும். ஒருவருடைய கூற்றில் உள்ள குற்றச்சாட்டைத் தலைப்பாக்கினால், சொன்னது யார் என்று காட்ட வேண்டும், அல்லது குறைந்தபட்சம் மேற்கோள் குறியாவது போட வேண்டும். உங்கள் செய்தியின் தலைப்பில் மேற்கோள் குறி இருந்ததா? செய்தியின் உடலில் "மாயம்" என்று யாராவது சொன்னதாக இருக்கிறதா, இல்லை மேசை தானாகப் போட்ட சொல்லா? இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒருவரைப் பாதிக்கும் செய்தி வந்தால் வெளியிடும் முன் சரிபார்க்க வேண்டும், சம்பந்தப்பட்டவரின் தரப்பைக் கேட்க வேண்டும், பதில் கிடைக்காவிட்டால் அதைச் செய்தியிலேயே குறிப்பிட வேண்டும் என்பதும் அதே நெறிகளில் இருக்கிறது. நிருபர் யாரிடம் கேட்டார், என்ன கேட்டார் என்பது முக்கியம்.

மீட்டர்_பக்கம் எழுதியது:

நான் நுகர்வோர் பக்கத்திலிருந்து பேசுகிறேன், கொஞ்சம் கடுமையாக இருந்தால் மன்னிக்கவும்.

அந்த அம்மாவுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த இழையில் பேச்சு மெல்ல மெல்லப் பத்திரிகையின் தவறுகள் மேலேயே போய்க்கொண்டிருக்கிறது. ஒரே டிரான்ஸ்ஃபார்மருக்கு இரண்டு விலை கொடுத்தது யார்? அந்தப் பணம் யாருடையது? மின் நிறுவனத்தின் செலவு முழுவதும் கடைசியில் கட்டண உத்தரவாக எங்கள் தலையில்தான் இறங்குகிறது. கட்டணத்தை முடிவு செய்யும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நாங்கள் கேள்வி கேட்டால் "கணக்கு தணிக்கையில் இருக்கிறது" என்று ஒரே பதில். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 வந்த பிறகும், கொள்முதல் விலையைக் கேட்டால் 8(1)(ஈ) பிரிவைக் காட்டி வணிக ரகசியம் என்கிறார்கள். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்வதை மட்டும் படிப்பதில்லை.

எல்லா வழியும் மூடியிருக்கும்போது ஒரு நிருபர் உள்ளே நுழைந்து நாலு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் ஒரு வாக்கியத்தில் தவறினார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நிர்வாகம் மொத்தச் செய்தியையும் புதைக்கப் பார்க்கிறது. நீங்கள் அதற்குக் கருவியாகிவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

நீதிமன்ற_வராந்தா எழுதியது:

சட்ட நிலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு தரப்பும் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

பிரஸ் கவுன்சில் முதலில் 1966இல் அமைந்தது, நெருக்கடி நிலைக் காலத்தில் கலைக்கப்பட்டது, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1979இல் மறுபடி வந்தது. தலைவரோடு சேர்த்து 29 பேர். அதன் முதல் நோக்கமே பத்திரிகைச் சுதந்திரத்தைக் காப்பது. தரத்தைக் காப்பது அதோடு சேர்ந்த கடமை. 14ஆம் பிரிவின்படி அது எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், ஆசிரியர் அல்லது நிருபரின் நடத்தையை ஏற்கவில்லை என்று அறிவிக்கலாம். விசாரணை விவரத்தைப் பத்திரிகையிலேயே வெளியிடச் சொல்லலாம். அபராதம் போட முடியாது, நஷ்டஈடு வாங்கித் தர முடியாது. செய்தியின் மூலம் யார் என்று சொல்லும்படி நிருபரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது, 15(2) அதைத் தடுக்கிறது. உள்ளே இருந்து காகிதம் கொடுத்தவர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் நிர்வாகம் புகார் செய்கிறது என்றால் அது நடக்காது.

நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயத்தைக் கவுன்சில் விசாரிக்காது. நிலுவை எதுவும் இல்லை என்று உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரு கையில் அவதூறு வழக்கு, இன்னொரு கையில் கவுன்சில் புகார் என்று வைத்துக்கொள்ள முடியாது. யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி நிறுவனத்தின் "நற்பெயர்". 1989இல் இங்கிலாந்தில் டெர்பிஷயர் கவுண்டி கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பின் ஓய்வூதிய நிதி முதலீடுகளில் முறைகேடு என்று சண்டே டைம்ஸ் எழுதியது. அந்த உள்ளாட்சி அமைப்பு அவதூறு வழக்குப் போட்டது. 1993இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு நிர்வாக அமைப்பு அப்படி வழக்குப் போடவே முடியாது, தடையற்ற விமர்சனத்துக்கு அது திறந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு வெகு முன்பே, 1946இல், தென்னாப்பிரிக்காவில் அரசு நடத்திய ரயில்வேக்கும் அவதூறு நஷ்டஈடு கேட்கும் உரிமை இல்லை என்று அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பையும் பிரபுக்கள் சபை எடுத்துப் பார்த்தது.

இங்கே, 1994இல் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே வழியில் போனது. அரசும் உள்ளாட்சி அமைப்பும் ஆட்சி அதிகாரம் செலுத்தும் பிற அமைப்புகளும் அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. பொது ஊழியர் தன் பணி தொடர்பான செய்திக்கு நஷ்டஈடு கேட்டால், செய்தி பொய் என்பதோடு, உண்மையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் வெளியிட்டார்கள் என்றும் நிரூபிக்க வேண்டும். நியாயமான அளவு சரிபார்த்தோம் என்று பத்திரிகை காட்டினால் தப்பிவிடும். மின் நிறுவனம் கம்பெனிச் சட்டத்தில் பதிவானது, வணிகம் செய்வது, அதனால் எனக்கு இது பொருந்தாது என்று அதன் வழக்கறிஞர் வாதாடலாம். நான் பத்திரிகைக்காக வாதாடினால், ஒரு மாநிலத்துக்கே மின்சாரம் தரும் ஒரே நிறுவனம் பொது அமைப்பு இல்லையென்றால் வேறு எது என்று கேட்பேன்.

குற்றவியல் அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. 2016இல் உச்ச நீதிமன்றம் அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்றது. ஆனால் 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாடு அரசின் சார்பில் பத்திரிகை ஆசிரியர்கள் மேல் போட்ட பல அவதூறு வழக்குகளை ரத்து செய்தது. ஜனநாயகத்தின் குரலை நெரிக்க அரசு இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றது.

ஆகவே மீட்டர்_பக்கம் நண்பரின் பயம் நியாயமானது. அதே காரணத்தால்தான் அந்த அம்மாவின் தனிப்புகார் நிர்வாகத்தின் புகாரைவிட வலுவானது. அவர் ஒரு தனி மனுஷி. தன்னைப் பற்றிய ஒரு தவறான தகவலைத் திருத்தச் சொல்கிறார். அவ்வளவுதான்.

களப்பணி எழுதியது:

நான் வயர்மேன். பெரிய சட்டம் தெரியாது. செய்தி வந்த மறுநாள் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கப் போன வீட்டில் "நீங்கள் கோடிக் கணக்கில் சுருட்டுவீர்கள், நாங்கள் மட்டும் கட்ட வேண்டுமா" என்று கேட்டார்கள். என்னோடு வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த மாதச் சம்பளமே வந்திருக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

செய்தியில் "மின் ஊழியர்கள்" என்று பொதுவாகப் போடாமல், எந்த மட்டத்தில் முடிவு எடுத்தார்கள் என்று எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. கொள்முதல் கமிட்டியில் இருப்பவர் யாரும் வீட்டு வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள்தான் சொல்கிறோம்.

கணக்கர்_ஓய்வு எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னது மனதை என்னவோ செய்தது.

மெய்ப்புமேசை கேட்டதற்கு: செய்தியை மறுபடி முழுதாகப் படித்தேன். "மாயம்" என்ற சொல் தலைப்பில் மட்டும்தான் இருக்கிறது, மேற்கோள் குறி இல்லை. உடலில் "நேர் செய்யப்படாமல் உள்ளதாகத் தணிக்கை சுட்டிக்காட்டியுள்ளது" என்று சரியாகவே எழுதியிருக்கிறார் நிருபர். அவர் எழுதியதும் மேசை போட்டதும் வேறு வேறு.

இன்னொன்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. செய்தி வருவதற்கு எட்டு நாள் முன்பே நிருபர் பதினோரு கேள்விகளை மின்னஞ்சலில் மக்கள் தொடர்பு அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறார். ஏழாவது கேள்வி: "அந்தக் காலத்தில் பில்களைச் சரிபார்த்த கணக்கு மேற்பார்வையாளர் யார்?" பதில் போகவில்லை. நிர்வாகத்தின் ஒன்பது பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆக, அந்த அம்மாவின் தலையில் விழுந்த கல்லை எறிந்தது பத்திரிகை என்றால், தடுத்திருக்கக்கூடிய கையைக் கட்டிக்கொண்டு நின்றது எங்கள் நிர்வாகம்.

தணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ.ஜி. ஆடிட்டில், அதாவது மாநிலக் கணக்காயர் அலுவலகத்தின் தணிக்கையில், முதலில் வருவது ஹாஃப் மார்ஜின் எனப்படும் ஆரம்பக் கட்டக் கேள்வி. அதற்குப் பதில் சரியில்லை என்றால் ஆய்வறிக்கையில் ஏறும். பெரிய விஷயம் என்றால் இறுதி அறிக்கைக்கான வரைவுப் பத்தியாகும். அதற்கும் அரசின் பதில் வாங்கிய பிறகுதான் சி.ஏ.ஜி. எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கையில் வந்து, சட்டமன்றத்தில் வைத்து, பொது நிறுவனங்கள் குழுவுக்குப் போகும். நிருபரிடம் இருந்தது ஹாஃப் மார்ஜின் காகிதம். அது ஒரு கேள்வி. தீர்ப்பு அல்ல. ஆனால் நிறுவனம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எத்தனை வருடம் இழுத்தது என்பதையும் அதே காகிதம் காட்டுகிறது. அதனால்தான் முதல் குற்றச்சாட்டை என்னால் "பொய்" என்று எழுத முடியவில்லை.

மீட்டர்_பக்கம் எழுதியது:

ஐயா, அந்த மின்னஞ்சல் விஷயத்தை வெளியே சொன்னதற்கு நன்றி. முன்பு பேசிய தொனிக்கு வருத்தப்படுகிறேன்.

அப்படியென்றால் அந்த அம்மாவின் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாமே: மற்ற இரண்டு விஷயங்களைப் பற்றி இந்தக் கடிதம் எதுவும் சொல்லவில்லை என்று. அவர் அவற்றை மறுக்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ளாமல் இருக்க.

நீதிமன்ற_வராந்தா எழுதியது:

நல்ல யோசனை. ஆனால் அவர் இன்னும் பணியில் இருப்பவர், நிர்வாகத்துக்கு எதிராகப் பேசினார் என்று நடத்தை விதிகளைக் காட்டிவிடுவார்கள். "இக்கடிதம் என்னைப் பற்றிய தகவலை மட்டும் சார்ந்தது" என்றால் போதும்.

நடைமுறை இதுதான். முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும், அந்தக் கடிதம் இல்லாமல் கவுன்சில் வழக்கமாகப் புகாரை எடுக்காது. அதன் நகல், பதில் வந்திருந்தால் அதன் நகல், செய்தியின் நறுக்கு, தமிழ்ச் செய்தி என்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பு, நிலுவை இல்லை என்ற உறுதிமொழி எல்லாம் சேர்த்து, செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் கவுன்சிலுக்குப் போக வேண்டும். நாளிதழுக்கும் வார இதழுக்கும் இரண்டு மாதம், மற்றவற்றுக்கு நான்கு. கட்டணம் கிடையாது. இதே செய்தி தொலைக்காட்சியிலும் வந்திருந்தால் அது கவுன்சிலின் எல்லைக்குள் வராது.

இன்னொரு எச்சரிக்கை நிர்வாகத்துக்கு. கோபத்தில் அந்த நாளிதழுக்குக் கொடுக்கும் டெண்டர் விளம்பரங்களை நிறுத்தினால், பத்திரிகையும் கவுன்சிலுக்குப் போகலாம். அரசு அமைப்புகளின் நடத்தையைப் பற்றிக் கருத்துச் சொல்லவும் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு.

மெய்ப்புமேசை எழுதியது:

கடிதத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன், மாற்றிக்கொள்ளுங்கள்:

"ஆசிரியர் அவர்களுக்கு. தங்கள் நாளிதழில் இன்ன தேதியில் முதல் பக்கத்தில் வெளியான செய்தியின் மூன்றாவது பத்தி, குறிப்பிட்ட பில்களை இன்ன அலுவலகத்தின் கணக்கு மேற்பார்வையாளர் பாஸ் செய்ததாகக் கூறுகிறது. அந்தப் பதவியில் தற்போது இருப்பவள் நான். செய்தியில் சொல்லப்படும் கடைசி வவுச்சரின் தேதிக்குப் பதினான்கு மாதம் கழித்தே பொறுப்பேற்றேன். பணியேற்பு அறிக்கையின் நகலை இணைத்துள்ளேன். செய்தி வெளியான அதே பக்கத்தில், இந்தத் தகவல் தவறு என்று தெளிவாகத் திருத்தம் வெளியிடக் கோருகிறேன். இக்கடிதம் என்னைப் பற்றிய தகவலை மட்டும் சார்ந்தது."

கோபச் சொல் ஒன்றுகூட வேண்டாம். "நஷ்டஈடு", "கடும் நடவடிக்கை" என்று எழுதினால் கடிதம் ஆசிரியரிடம் போகாது, சட்டப் பிரிவுக்குப் போய்விடும். அங்கே போனால் மாதக்கணக்கில் தூங்கும்.

கணக்கர்_ஓய்வு எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்காக.

கடிதம் பதிவுத் தபாலில் போனது. நிருபரே அந்த அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். ஏழாவது கேள்விக்குப் பதில் வராததால், இப்போது பதவியில் இருப்பவர்தான் அப்போதும் இருந்தார் என்று நினைத்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மறுநாள் திருத்தம் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில், ரயில் நேர மாற்றத்துக்குக் கீழே, நாலு வரி. "கணக்கு மேற்பார்வையாளர் குறித்த தகவல் திருத்தப்படுகிறது" என்று இருந்தது. எப்படித் திருத்தப்படுகிறது, அவருக்குச் சம்பந்தம் உண்டா இல்லையா என்று ஒன்றும் இல்லை. முதல் பக்கத்தைப் படித்த அவருடைய மகளின் பள்ளித் தோழிகள் வீட்டில் யாரும் அந்த நாலு வரியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நிர்வாகம் தன் ஒன்பது பக்கத்தை அனுப்பிவிட்டது. அந்த அம்மா கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று ஒரு மெமோ வந்தது, பதில் கொடுத்துவிட்டார்.

மெய்ப்புமேசை எழுதியது:

திருத்தம் உரிய முக்கியத்துவத்தோடு வர வேண்டும், தவறு பெரிதென்றால் வருத்தமும் தெரிவிக்க வேண்டும் என்பது அதே நெறிகளில் இருக்கிறது. முதல் பக்கத் தவறுக்கு ஒன்பதாம் பக்கத்தில் தெளிவில்லாத நாலு வரி போதாது. கவுன்சிலுக்குப் போங்கள். நிருபர் மன்னிப்புக் கேட்டதையும் புகாரில் எழுதுங்கள், அவருக்கு அது நல்லது. தவறு இப்போது மேசையின் மேல்தான்.

மீட்டர்_பக்கம் எழுதியது:

எங்கள் தரப்பில் இன்னொரு செய்தி. இரண்டு விலை விஷயத்தை நாங்கள் ஒழுங்குமுறை ஆணையத்தில் மனுவாகக் கொடுத்திருக்கிறோம். செய்தி நறுக்கை வைத்து இல்லை. இரண்டு கொள்முதல் ஆணைகளின் எண்ணைப் போட்டு, கோப்பை வரவழைக்கக் கேட்டிருக்கிறோம்.

கணக்கர்_ஓய்வு எழுதியது:

நல்லது. அந்தக் கோப்பு வந்தால் நானும் வந்து உட்காருகிறேன், எந்தக் குறிப்பு எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மா கவுன்சிலுக்குப் போக முடிவு செய்துவிட்டார். கேட்பது ஒன்றே ஒன்று, முதல் பக்கத்தில் தெளிவான திருத்தம். இரண்டு மாதம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. மூன்று நாள் செய்தியையும் ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டேன், "மாயம்" என்பதற்கு மட்டும் சரியான சொல் தேடிக் கொஞ்சம் நேரமானது. உறுதிமொழியில் கையெழுத்து ஆகிவிட்டது. பணியேற்பு அறிக்கையின் நகலில் சான்றொப்பம் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் வாங்கி அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடுவோம்.